சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஒரு பொதுநெறிப் பாடத்திட்டம்

நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. குணசேனதேவர் என்னும் ஆசிரியரின் பெயரும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் அக்கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. முதலில் படுக்கையையும் தங்குமிடத்தையும் குறித்த 'பள்ளி' என்னும் சொல், பின்னர்த் துறவியர் உறைவிடத்தைக் குறித்து, அவர்கள் அங்கே ஊராருக்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று என்பர் அறிஞர். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கையும் ஒருங்கே கொடையாகப் போற்றியது சமண மரபு. எழுத்தையும் அறத்தையும் வெவ்வேறு மணி நேரங்களாகப் பிரித்து வைக்காத ஒரு கல்வி, இந்த மலையடிவாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

அதே மலையடிவாரத்தில் இன்றுள்ள சின்னஞ்சிறு தொடக்கப்பள்ளிகளைப் பற்றிச் சில எண்ணங்களை இக்கட்டுரையில் முன்வைக்க விழைகிறேன். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் இத்தகைய பள்ளிகளிலிருந்தே வந்தவர்கள். நாளை ஆசிரியராகி அவற்றுக்கே திரும்பப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆதலின் இது நமக்குத் தொலைவான பொருள் அன்று.

சிற்றூர்ப் பள்ளியின் நிலை

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. எனவே ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துக் கற்பிக்கிறார். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இடையிடையே வருகைப் பதிவு, கணினியில் ஏற்றவேண்டிய புள்ளிவிவரம், உணவுக் கணக்கு ஆகியவையும் உண்டு. இந்நிலையில் 'நன்னெறிக் கல்வி' என்று தனியே ஒரு பாடவேளை ஒதுக்கினால் அது என்னவாகும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். ஆத்திசூடியை ஒப்பித்தலோடு அது முடிந்துபோகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நம் மேற்குச் சமவெளியில், ஒரு பள்ளி ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அடுத்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளி. இன்னொன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பிறிதொன்று அரசு உதவி பெறும் பள்ளி. துறைகள் வேறு, மேலதிகாரிகள் வேறு. ஒன்றன் மணியோசை மற்றதற்குக் கேட்கும் தொலைவில் இருந்தும், ஒரு பள்ளிப் பிள்ளை மறு பள்ளிப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியதில்லை என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. ஊருக்கு ஒரு பள்ளி, காலனிக்கு ஒரு பள்ளி என்று பிள்ளைகள் பிரிந்து நிற்பதை ஐந்து வயதிலேயே இயல்பென்று கற்றுக்கொள்கின்றனர். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத இந்தப் பாடமே அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது.

இந்தப் பள்ளிகள் பல பெயரில் எழுந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதை நாம் இழிவாகப் பேசலாகாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தனர். அந்தக் கொடிய காலத்தை ஒட்டி எழுந்தவையே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். கதவடைக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் கதவு திறக்கவேண்டிய தேவையால் எழுந்தவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். இவை இல்லையேல் இப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி தோன்றியிருக்க மாட்டார். ஆயினும் அன்று திறந்த கதவு இன்று சுவராகிவிடக் கூடாதே என்பதுதான் நம் கவலை.

அந்தக் கவலை வீணன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயிலும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட செய்தி நாட்டை உலுக்கிற்று. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குக, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்க, எல்லாப் பள்ளிகளையும் ஒரே கல்வித் துறையின்கீழ்க் கொணர்க என்பன அதன் பரிந்துரைகளுள் சில. இறுதிப் பரிந்துரைக்கு நம் பகுதியில் எதிர்ப்பும் எழுந்தது. போராடிப் பெற்றதை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே அந்த எதிர்ப்பின் வேர். துறைகள் இணையுமா, எப்போது இணையும் என்பது அரசு முடிவு செய்யவேண்டியது. அதுவரை ஆசிரியர்களும் பெற்றோரும் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பெயர்ப்பலகை எப்போது வேண்டுமானாலும் மாறட்டும். பாடம் முதலில் ஒன்று கூடட்டும். ஒரு வட்டாரத்துச் சிறு பள்ளிகள் அனைத்தும் சேர்ந்து, நெறியை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொதுத் திட்டத்தைத் தாமே வகுத்து நடத்தவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முன்னோர் முயற்சிகள்

பல வகுப்புப் பிள்ளைகள் ஓரிடத்தில் கற்பது நம் நாட்டில் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்பதே கிடையாது. மணலில் எழுதி முடித்தவன் அடுத்தவனுக்குக் கை பிடித்து எழுதக் காட்டினான். சட்டாம்பிள்ளை மற்றவர்களை மேற்பார்த்தான். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவுப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியனாகும் முறையைத் தம் பள்ளியில் வகுத்தார். 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது கடல் கடந்தும் பரவியது. பல வகுப்புகள் சேர்ந்திருப்பதைக் குறையென்று மட்டுமே கருதும் நாம் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவுவது சிறிய பள்ளியில் இயல்பாகவே அமைகிறது. பெரிய பள்ளியில் அதை வலிந்து ஏற்படுத்தவேண்டியுள்ளது. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாரும் அமர முடியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. முறை நன்றாயினும் வாயில் குறுகியதாயிருந்தது.

அடுத்து ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடு, ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வி என்னும் கொள்கைகளை ஏற்றது. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இடம்பெற்றிருந்தனர். மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய காந்தி நிகேதனத்திலேதான் குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். சின்னாளப்பட்டிக்கு அருகே 1947இல் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமமும் அக்கொள்கையின் வழி வந்ததே. ஆகவே ஆதாரக் கல்வியின் நல்லதையும் கெட்டதையும் அண்டை வீட்டுச் செய்தியாக அறியும் வாய்ப்பு நமக்கு உண்டு.

அதன் நல்லது யாது? கையும் கருத்தும் சேர்ந்தே கற்கவேண்டும் என்றது. உழைப்பில் இழிவில்லை என்றது. பள்ளியும் ஊரும் ஒன்று என்றது. அது ஏன் நிலைக்கவில்லை? நகரத்துப் பிள்ளைக்குப் புத்தகமும் நாட்டுப்புறத்துப் பிள்ளைக்குத் தக்கிளியும் என்றாகிவிட்டது. கற்பவனுக்கு விளங்காத நூற்பு சடங்காகச் சுருங்கியது. தம் பிள்ளைகளை அங்கே அனுப்பாதவர்கள் பிறர் பிள்ளைகளுக்கு அதனைப் பரிந்துரைத்தனர். எல்லாருக்கும் பொதுவாக இல்லாத நெறி, ஏழைக்கு மட்டும் விதித்த கட்டளையாகத் தோன்றுவது இயல்பே.

1953இல் இராஜாஜி ஆட்சியில் வந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் இதற்குக் கடுமையான சான்று. கிராமப் பள்ளிகளில் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். ஆசிரியர் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆனால் தந்தையின் தொழில் சாதியால் அமைந்த நாட்டில், பிள்ளையைப் பிறப்பிலேயே கட்டிப்போடும் ஏற்பாடாகவே மக்கள் அதனைக் கண்டனர். 'குலக்கல்வி' எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலக, முதல்வரான காமராசர் அதே ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டார். பின்னர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவையும் கொணர்ந்தார். இவ்விரு செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய வழி தெளிவாகும். பிள்ளையை அவனவன் வீட்டுக்குத் திருப்பியனுப்பும் திட்டம் வீழ்ந்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த திட்டம் வாழ்ந்தது.

பொதுப் புத்தகம் மட்டும் போதுமா?

நம் மாநிலத்தில் பாடத்திட்டம் பொதுவாகத்தானே இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். முத்துக்குமரன் குழுவின் ஆய்வைத் தொடர்ந்து 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது உறுதிப்பட்டது. ஏழை மாணவனும் செல்வ மாணவனும் ஒரே புத்தகத்தைப் படிக்கலாயினர். அது பெரும் பேறு. எனினும் ஒரே புத்தகத்தை இரு வேறு சுவர்களுக்குள் தனித்தனியே படிப்பது வேறு. சேர்ந்து கற்பது வேறு. புத்தகம் அரசு தருவது. சேர்ந்து வாழும் பழக்கத்தை அந்தந்த ஊரே ஆக்கிக்கொள்ளவேண்டும்.

சிறு பள்ளிகள் சேர்ந்து செயற்பட முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பத்மநாப ராவ், ராமா இருவரும் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று அட்டைகளையும் 'கற்றல் ஏணி'யையும் உருவாக்கினர். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறிச் செல்லலாம். ஊர்க் கதையும் விடுகதையும் அதில் இடம்பெற்றன. இம்முறையைக் கண்டறிந்து வந்து 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் பரவிற்று. வரிசை பெஞ்சுகள் போய்ப் பிள்ளைகள் வட்டமாகத் தரையில் அமர்ந்த காட்சி நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதன் தடம் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் தெரிகிறது.

தென்னமெரிக்க நாடான கொலம்பியாவில் 1975 அளவில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் தொடங்கிய 'புதிய பள்ளி' இயக்கம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் மலையோரச் சிற்றூர்கள்; ஓரிரு ஆசிரியர்; பல வகுப்புகள். பிள்ளைகள் தாமே படித்துச் செய்யத்தக்க வழிகாட்டி ஏடுகளைத் தயாரித்தனர். பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் மாணவர் மன்றத்திடம் பள்ளியின் அன்றாடப் பொறுப்புகளை ஒப்படைத்தனர். அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்து திருத்திக்கொள்ளும் சிறு மையங்களை ஏற்படுத்தினர். தனித்திருந்த ஆசிரியர் துணை பெற்றார். ஒத்துழைப்பு என்னும் நெறி பேச்சாக இல்லாமல் நடப்பாயிற்று. நம் நாட்டிலும் 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு, அண்டைப் பள்ளிகளை ஒரு தொகுதியாக இணைக்கப் பரிந்துரைத்ததே! இன்று குறுவள மையம் என்ற பெயரில் ஆசிரியர்கள் கூடவும் செய்கிறார்கள். ஆனால் மேலிருந்து வரும் பயிற்சியைக் கேட்டுக்கொள்ளவே பெரிதும் கூடுகிறார்கள். தாமே ஒன்றை ஆக்கக் கூடுவது அரிது.

எந்த நெறி, யாருடைய நெறி?

நெறிக் கல்வி என்றவுடன் ஐயம் எழுவது நியாயமே. யாருடைய நெறி? எந்தச் சமயத்தின் நெறி? பெரியவர் சொல்வதைக் கேள்வியின்றிக் கேட்பதும், பெண்பிள்ளை அடங்கியிருப்பதும்கூட நெறி என்று சொல்லப்பட்ட காலம் உண்டு. ஆகவே இதில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எல்லாப் பெற்றோரும் மறுக்காமல் ஏற்கக்கூடியதும், எந்தப் பிள்ளையையும் தலைகுனிய வைக்காததும் எதுவோ அதுவே பொதுநெறியாதல் கூடும். நம் அரசியலமைப்பு அதற்கு அடிப்படை இட்டிருக்கிறது. சமத்துவம், உடன்பிறப்புணர்வு ஆகியவை அதன் முகப்பிலேயே உள்ளன. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இயற்கையைப் பேணுதல், அறிவியல் மனப்பான்மை வளர்த்தல் ஆகியன 51அ பிரிவில் கடமைகளாகச் சொல்லப்பட்டுள்ளன. இவற்றைப் பிள்ளை மொழியில் நான்காகச் சுருக்கலாம்: எல்லாரும் சமம்; எந்த உழைப்பும் இழிவன்று; உண்மை பேசு, ஏன் என்று கேள்; ஊர்ப்பொதுவைக் காப்பாற்று. இவ்வளவே போதும். பட்டியல் நீண்டால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

ஒரு திட்டத்தின் உருவரை

நம் பள்ளிகளின் ஆண்டு மூன்று பருவங்களாக உள்ளது. பருவத்துக்கு ஒரு பொதுப் பொருள் என்று வகுத்துக்கொண்டு, தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் அதன் வழியே நடைபெறச் செய்யலாம். வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளும், எந்தத் துறையைச் சேர்ந்தவையாயினும், ஒரே நேரத்தில் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளும்.

முதற்பருவத்தின் பொருள் உணவாகட்டும். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது நம் மதுரையில், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் அது விரிந்தது. இன்று பள்ளியின் முதல் மணியே தட்டு ஓசைதான். அதைவிட நல்ல பாடநூல் எது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டுகளை எண்ணட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இன்றைய உணவின் பெயரைப் பலகையில் எழுதட்டும். மூன்றாம் வகுப்பு ரவையையும் பருப்பையும் நிறுத்துப் பார்க்கட்டும். நான்காம் வகுப்பு அந்தத் தானியம் எந்த மண்ணில் எந்த மாதத்தில் விளைகிறது என்று ஊர் உழவரிடம் கேட்டு எழுதி வரட்டும். ஐந்தாம் வகுப்பு வாரக் கணக்கைப் போடட்டும். ஒரே பொருள், ஐந்து படிகள். ஓர் ஆசிரியராலும் நடத்த முடியும்.

நெறி எங்கே வருகிறது? பந்தியில் வருகிறது. சமைப்பவரின் சாதியைப் பார்த்துப் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த செய்திகள் நம் மாநிலத்தில் வந்ததுண்டு. ஆகவே சமைக்கும் அம்மாவின் பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டு உண்ணத் தொடங்கும் வழக்கம் எல்லாப் பள்ளியிலும் வரவேண்டும். ஆசிரியரும் அதே வரிசையில் அமர்ந்து உண்ணவேண்டும். பரிமாறுதலும் இடம் பெருக்குதலும் முறை வைத்துச் சுழலவேண்டும். ஆண்பிள்ளை பெருக்குவான், பெண்பிள்ளை கணக்கெழுதுவாள். கழிப்பறைத் தூய்மை போன்ற பணிகள் எந்தப் பிள்ளை மேலும் விழக்கூடாது. அதற்கு உரிய ஊதியத்தில் ஆள் வேண்டும். உழைப்பை மதிக்கக் கற்பித்தல் வேறு, பிள்ளையிடம் வேலை வாங்குதல் வேறு. 1953 நமக்குக் கற்பித்த பாடம் இது.

இரண்டாம் பருவம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அதன் பொருள் கண்மாய். மதுரைச் சமவெளி கண்மாய்களால் வாழ்ந்த நிலம். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் என்ற சொற்களெல்லாம் பிள்ளையின் தாத்தாவுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஆசிரியரும் பெற்றோரும் உடன்வரக் கரைமேல் நின்று பார்த்து, சிறுவர் பறவைகளின் பெயர் சொல்ல, பெரியவர்கள் வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வரைபடம் போடட்டும். மேல்மடைக்காரன் முழுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான் என்று கேட்டுப் பாருங்கள். நீதியைப் பற்றிய உரையாடல் அங்கேயே தொடங்கிவிடும். குடிமராமத்து என்றால் என்ன, யார் யார் மண் சுமந்தார்கள், அப்படிச் சுமந்த எல்லாருக்கும் தண்ணீரில் பங்கு கிடைத்ததா என்னும் கேள்வியையும் ஐந்தாம் வகுப்பு கேட்கலாம். பழமையைப் போற்றுவதோடு பழமையைக் கேள்வி கேட்பதும் நெறியே.

மூன்றாம் பருவத்தின் பொருள் மலையும் கைத்தொழிலும். விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்யும் கைவினைஞர்கள் உள்ளனர். அவர்களில் ஒருவரை ஒரு நாள் ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து, எல்லாப் பிள்ளைகளும் மண் பிசைந்து பார்க்கட்டும். குயவர் பிள்ளை மட்டும் மண் தொடுவதும் மற்றவர் வேடிக்கை பார்ப்பதுமாக இருந்தால் அது குலக்கல்வி. எல்லார் கையிலும் மண் ஒட்டினால் அது பொதுக்கல்வி. சமணர் மலைக்கும் அப்பருவத்தில் செல்லலாம். பாறையில் தம் பெயரைக் கீறி வைப்போர் வரும் இடத்தில், ஆயிரம் ஆண்டு எழுத்தைத் தொடாமல் நின்று பார்க்கும் பண்பை நம் பிள்ளைகள் கற்கட்டும்.

உண்மைக்கெனத் தனிப் பருவம் வேண்டா. ஆண்டு முழுவதும் பள்ளி மூலையில் ஓர் ஆளில்லாக் கடை இருக்கட்டும். பென்சில், அழிப்பான், வரைதாள் ஆகியன வைத்துப் பக்கத்தில் ஓர் உண்டியல். எடுத்தவர் காசு போடவேண்டும். கையில் காசில்லாதவர் குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். வாரக் கடைசியில் கணக்குச் சரிபார்ப்பது நான்காம் வகுப்பு. குறைந்தால் யாரையும் திருடன் என்று சுட்டாமல், ஏன் குறைந்தது என்று எல்லாரும் கூடிப் பேசவேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்துக்கு ஒரு முறை 'கூட்டு நாள்' வேண்டும். வட்டாரத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் அனைவரும் ஒரு பள்ளியில் கூடுவர். இந்தப் பருவம் ஒன்றியப் பள்ளியில். அடுத்தது நலப் பள்ளியில். அதற்கடுத்தது சீரமைப்புப் பள்ளியில். பள்ளிவாரியாக அன்றி, பெயரின் அகரவரிசையில் கலந்து அமர்வர், தாம் கண்டதைச் சொல்வர், சேர்ந்து உண்பர். ஊர்ப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு விருந்தினனாகச் செல்லும் அந்த நாள்தான் இத்திட்டத்தின் உயிர்நாடி. மற்றவற்றில் ஏதேனும் குறைந்தாலும் இது குறையக்கூடாது.

மதிப்பீடு எப்படி? நெறிக்கு மதிப்பெண் இடுவது நெறியையே கெடுத்துவிடும். ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில், யார் யாருக்கு உதவினார், யார் புதிய கேள்வி கேட்டார், யார் ஒதுங்கி நின்றார் என்று இரண்டு வரி எழுதி வந்தால் போதும். பரிசும் தரவரிசையும் வேண்டா. ஒதுங்கி நின்ற பிள்ளை அடுத்த பருவத்தில் ஒதுங்கி நிற்கவில்லையானால் அதுவே தேர்ச்சி.

தடைகளும் விடைகளும்

ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். இது மேலும் ஒன்றா என்று கேட்பர். ஒவ்வொருவரும் தனித்தனியே செய்தால் சுமைதான். ஐந்து பள்ளிகளின் பத்து ஆசிரியர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால், ஒருவர் ஆண்டுக்கு ஒரு சில அட்டைகளைத் தயாரித்தால் போதும். மற்றவை பிறரிடமிருந்து கிடைக்கும். குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கும் உரிமையும், நலத்துறைப் பள்ளி ஆசிரியரும் அக்கூட்டத்தில் அமரும் ஏற்பாடும் அரசிடமிருந்து வேண்டும். கணினிப் பதிவுச் சுமையைக் குறைப்பதும் அரசின் கையில்தான் இருக்கிறது.

எழுத்தும் எண்ணும் பின்தங்கிவிடுமே என்பர். நியாயமான அச்சம். ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஒரு பத்தியைப் பிழையறப் படிக்க இயலாத பிள்ளைக்கு எந்த நெறியும் முழுமையாகக் கிட்டாது; படிக்கக் கற்பித்தலே ஆசிரியரின் முதல் அறம். அதனால்தான் தனிப் பாடவேளை வேண்டா என்கிறேன். தட்டு எண்ணுவதும் கணக்கே. கண்மாயைப் பற்றி எழுதுவதும் தமிழே.

மூன்றாவது தடை கடினமானது. பெற்றோர் பலர் ஆங்கில வழித் தனியார் பள்ளியின் வேனை நோக்குகின்றனர். சிறு பள்ளியின் எண்ணிக்கை தேய்கிறது. தேய்ந்தால் இணைப்பு, மூடல் என்ற பேச்சு எழுகிறது. பொதுநெறிப் பாடத்திட்டம் ஒன்றே இதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லத் துணியேன். ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடம், ஆங்கிலப் பயிற்சி ஆகிய யாவும் வேண்டும். ஆனால் ஐந்து சிறு பள்ளிகள் ஒரு குடும்பமாக நின்று, தாம் செய்வதை ஊரார் காணச் செய்தால், பெற்றோர் திரும்பிப் பார்க்க ஒரு காரணமாவது கிடைக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அக்குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை கூட்டாக அமர்ந்தால், பிள்ளைகளோடு பெற்றோரும் ஒரே பாயில் உட்காரக் கற்பர். நாங்குநேரிகள் மீண்டும் நிகழாதிருக்க அதுவும் தேவை. வன்மத்தைப் பிள்ளை கருவிலிருந்து கொண்டுவருவதில்லை. அதை வீட்டுத் திண்ணையில்தான் கற்கிறது.

நம் கடமை

மாணவ நண்பர்களே! இதில் நமக்கும் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாம் நடத்துகிறோம். கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம், நல்லதே. ஒரு முகாமை ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கென ஒதுக்கினால் என்ன? வரலாற்று மாணவர் சமணர் மலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எளிய அட்டை எழுதலாம். தாவரவியல், விலங்கியல் மாணவர் கண்மாய்ப் பறவைகளையும் செடிகளையும் வரைந்து தரலாம். தமிழ் மாணவர் ஊர்க் கதைகளைத் தொகுக்கலாம். கணித மாணவர் தட்டும் படியும் கொண்டு கணக்குகள் அமைக்கலாம். அவற்றைச் சரிபார்த்து வழிநடத்தப் பேராசிரியப் பெருமக்கள் மனமுவந்து முன்வருவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு வட்டாரம், ஐந்து பள்ளிகள், மூன்று பருவங்கள், மூன்று கூட்டு நாட்கள். பெரும்பொருள் செலவில்லாத சிறு தொடக்கம் இது. சட்டம் ஒரு நாளில் பெயரை மாற்றலாம். ஒரு நாளில் துறைகளை இணைக்கலாம். ஆனால் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் பெயர் தெரிந்து, அவனோடு ஒரு பந்தியில் உண்டு, அவன் பள்ளி முற்றத்தில் விளையாடிய பிள்ளையை எந்த அரசாணையாலும் உருவாக்கிவிட முடியாது. அந்தப் பிள்ளைதான் பத்தாண்டு கழித்து உயர்நிலைப் பள்ளியிலும், பின் நம் கல்லூரி வகுப்பிலும் வந்து அமரப்போகிறவன். அவன் அருகில் அமர்பவனைச் சாதி கேட்காமல் பெயர் கேட்பவனாக வரவேண்டுமானால், அதற்கான பாடம் ஐந்து வயதில், அந்த இரண்டு அறைப் பள்ளியில் தொடங்கவேண்டும். அதனைத் தொடங்குவோமாக!